டிரஸ்ட் பதிவு செய்தால் மதம் ஆகிவிடுமா?

கேள்வி: என் தங்கச்சி மகன் லண்டனில் இருக்கிறான். கூட வேலை பார்ப்பவரின் கல்யாணம் சயின்டாலஜி என்ற அமெரிக்க ஆன்மிக அமைப்பின் கூடத்தில் நடந்ததாம். ‘சுப்ரீம் கோர்ட்டே அதை மதம்னு சொல்லிருச்சு மாமா’ என்கிறான். ஜெர்மனியில் மட்டும் இல்லையென்று சொன்னார்களாமே, அதெப்படிங்க? எங்கள் பக்கத்திலும் நாலு பேர் சேர்ந்து தனி வழிபாட்டுக் குழு தொடங்கி, டிரஸ்ட் பதிவு செய்யப் போகிறார்கள். அது மதம் ஆகுமா? அங்கே நடக்கும் கல்யாணம் செல்லுங்களா?
- வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் மருமகன் சொன்னது சரிதான். ஆனால் கோர்ட் எந்தக் காரியத்துக்காக அப்படிச் சொன்னது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தெய்வத்தை வணங்காத இடம் வழிபாட்டுத் தலம் ஆகாது என்று 1970-இல் இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டில் நீதிபதி டென்னிங் அமர்வு சயின்டாலஜியின் மனுவைத் தள்ளியது. 2013 டிசம்பர் 11 அன்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். கடவுள் நம்பிக்கை கட்டாயம் என்றால் பௌத்தமும் மதமாகாதே என்பது அவர்கள் சொன்ன முக்கியமான காரணம். மிக நியாயமான காரணம் அது. ஆனால் அந்த வழக்கு, 1855-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கூடத்தைப் பதிவு செய்து அங்கே கல்யாணம் நடத்துவதற்கானது. அதே இங்கிலாந்தில் அறநிறுவன ஆணையம் 1999-இல் அறநிறுவனத் தகுதி தர மறுத்திருந்தது. கல்யாண வழக்கில் ஜெயித்ததால் அந்தத் தகுதி தானாக வந்துவிடவில்லை.

ஆஸ்திரேலியாவில் 1983-இல் வழக்கு வந்தது சம்பள வரிக்காக. அங்கே மதம் என்றே தீர்ப்பு. அமெரிக்காவில் 1993-இல் வரிவிலக்கு அளித்தது வருமானவரித் துறை, கோர்ட் அல்ல. ஜெர்மனியில் 1995-இல் வந்ததோ அந்த அமைப்பில் வேலை பார்த்த ஓர் ஊழியரின் வழக்கு. பணம் வாங்கிக்கொண்டு சேவை விற்கும் அமைப்பு என்று பார்த்த தொழிலாளர் உச்ச நீதிமன்றம், அது மதச் சமூகம் இல்லை என்றது. கொள்கை உண்மையா பொய்யா என்று இவற்றில் எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை.

நம் நாட்டில் புது மதத்தைப் பதிவு செய்ய அலுவலகமே கிடையாது. சார்பதிவாளர் பதிவது டிரஸ்ட் பத்திரத்தை மட்டுமே. உள்ளே ‘மதம்’ என்று எழுதியிருப்பது அங்கீகாரம் ஆகாது. சங்கமாகப் பதிவதென்றால் நாலு பேர் போதாது, ஏழு பேர் வேண்டும். தகராறு கோர்ட்டுக்கு வரும்போதுதான் ‘மதமா?’ என்ற கேள்வியே எழும். கடவுள் இல்லாமலும் மதம் இருக்கலாம் என்று 1954-இல் சிரூர் மடம் வழக்கிலேயே நம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனாலும் ஆரோவில் வழக்கில் அரவிந்தர் போதனை தத்துவம்தான், மதமல்ல என்று 1982-இல் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். ராமகிருஷ்ணா மிஷனும் தனி மதமல்ல என்று 1995-இல் தீர்ப்பானது.

கல்யாண விஷயத்தில் கவனமாக இருங்கள். குழுவின் சொந்தச் சடங்கை மட்டும் நம்பினால், பின்னால் சொத்துரிமையில் பெண்ணும் குழந்தைகளும்தான் சிக்குவார்கள். இருவரும் இந்து என்றால், இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னாலோ மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் தேவையில்லை. இல்லையென்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுத்து, மேலும் 30 நாள் பொறுத்து, மூன்று சாட்சிகளோடு போக வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் தாண்டினால் அது காலாவதி; மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.