காளான் மாத்திரை நுரையீரலைக் காக்குமா?

கேள்வி: புகைபிடிக்கும் என் அண்ணன், நுரையீரல் புற்றுநோய் வராமலிருக்கக் காளான் மாத்திரை வாங்கப் போகிறார். பலன் உண்டா? – வாசகி, திருச்சி

பதில்: அப்படித் தடுக்கும் என்று மனிதர்களிடம் நிறுவப்பட்ட பூஞ்சைப் பொருள் (காளானும் ஒரு பூஞ்சைதான்) இதுவரை எதுவும் இல்லை. ஆனால், ஆய்வாளர்கள் பூஞ்சைகளில் தேடுவது வீண்வேலையும் அன்று. பாஸ்டனில் புற்றுநோய் ஆய்வாளர் ஜூடா ஃபோக்மனின் ஆய்வகத்தில், இரத்தக்குழாய்ச் செல்களை வளர்த்த தட்டில் வேண்டாத பூஞ்சை ஒன்று படிந்துவிட, அதனருகே இருந்த செல்கள் உருண்டுபோனதை டொனால்ட் இங்பர் கவனித்தார்; அந்த ஆஸ்பெர்கில்லஸ் பூஞ்சை சுரக்கும் ஃபூமாஜிலின் என்ற பொருள், புற்றுநோய்க் கட்டிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் புதிய குழாய்கள் முளைப்பதைத் தடுப்பதாக 1990-இல் அறிவித்தனர். அதிலிருந்து உருவாக்கிய டிஎன்பி-470, நரம்பு மண்டலப் பக்கவிளைவுகள் காரணமாக மருந்தாகக் கரை சேரவில்லை. ஜப்பான் 1977-இல் அனுமதித்த பிஎஸ்கே என்ற காளான் பொருளும் சிகிச்சைக்குத் துணையாகத்தான் தரப்பட்டது, தடுப்புக்காக அன்று.

தடுப்பு மருந்தை நோயில்லாதவர் ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும் என்பதால், அதற்கான பாதுகாப்புச் சோதனை மிகக் கடுமையாக இருந்தாக வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், இயற்கைப் பொருள்தானே என்று நம்பப்பட்ட பீட்டா கரோட்டின் (கேரட்டில் உள்ள நிறப்பொருள்) மாத்திரையை உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகவே வந்தது. காளானைக் குழம்பில் போட்டு உண்ணட்டும். மாத்திரைக்கான பணத்தையும் சிகரெட்டுக்கான பணத்தையும் சேர்த்தே மிச்சப்படுத்தச் சொல்லுங்கள்.