வரைபடம் கொடுங்கள், காரணத்தையும் கூடவே வையுங்கள்

12 பக்க மாத அறிக்கை வேண்டாம், ஒரு பக்க வரைபடம் போதும் என்கிறார் மேலாளர்; எச்சரிக்கைகள் காணாமல் போகுமே என்கிறீர்கள். நியாயமான கவலை. 2003-இல் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் சிதறியதை ஆராய்ந்த குழு, விண்ணோடத்துக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய சேதம் பற்றிப் பொறியாளர்கள் தயாரித்த ஸ்லைடைப் படித்த உயரதிகாரிக்கு அது உயிராபத்து என்றே புரியாமல் போயிருக்கலாம் என்று எழுதியது.

ஆனாலும் மேலாளர் கேட்பதில் தவறில்லை, ஏற்ற இறக்கம் கோட்டில்தான் சட்டென்று தெரியும். தலைப்பில் 'மாத விற்பனை' என்று போடாமல், 'சரக்குத் தாமதத்தால் மார்ச்சில் விற்பனை சரிந்தது' என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். எச்சரிக்கை அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், அடிக்குறிப்பில் வேண்டாம். அப்புறம், முழு அறிக்கையை இணைப்பாகவாவது அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து 'ஏன் இப்படி முடிவெடுத்தோம்?' என்று கேள்வி வந்தால் அதைத்தான் தேடுவார்கள்.