ஆசிட் வேண்டாம், ட்ராப்பைக் கழற்றுங்கள்

கேள்வி: வாஷ்பேசினில் முகம் கழுவினால் தண்ணீர் தேங்கி நின்று, ஐந்து நிமிடம் கழித்துத்தான் இறங்குகிறது. அடைப்பு நீக்கும் தூள் இரண்டு முறை போட்டேன். இரண்டு நாள் நன்றாகப் போனது, மறுபடி அதேதான். 'களக் களக்' என்று சத்தம் வேறு. ஆசிட் ஊற்றிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம்மா. நீங்கள் போட்ட மாதிரித் தூள்களில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும். அதன் மிச்சம் இன்னும் உள்ளே கிடக்கலாம். அதன்மேல் ஆசிட் விழுந்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் இன்னும் மோசம், குளோரின் வாயு கிளம்பும். ஒரு வீட்டில் ஆசிட் ஊற்றியதை என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பேசினுக்கு அடியில் படுத்து நட்டைத் திருப்பினேன், மணிக்கட்டில் வழிந்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. வேலைக்கு யாரைக் கூப்பிட்டாலும், உள்ளே எதை ஊற்றினீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

தூள் போட்டும் அடைப்பு ஏன் திரும்பி வருகிறது? அது நடுவில் ஓர் ஓட்டை போட்டு வழிவிடும், அவ்வளவுதான். ஓரத்தில் ஒட்டிய முடியும் சோப்புப் பிசுக்கும் அப்படியே இருக்கும். அடுத்து வரும் முடி அதில் சிக்கும்.

அதனால் ட்ராப்பை, அதாவது பேசினுக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் பகுதியை, கழற்றுங்கள். தூள் போட்ட பேசின் என்பதால் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் பக்கெட் வைத்து, பாட்டில் ட்ராப்பின் கீழ்க் கிண்ணத்தைக் கையாலேயே திருகுங்கள். கறுத்த கூழோடு, கயிறு மாதிரி திரிந்த முடி வரும். நான் பார்த்தவற்றில் பாதிக்குமேல் அந்தக் கயிற்றுக்குள் ஒரு பேஸ்ட் மூடியோ ஊக்கோ மாட்டிக்கொண்டிருக்கும். மேலே ஜாலியின் குறுக்குக் கம்பியையும் விடாதீர்கள். அங்கே தொங்கும் முடியை வளைத்த கம்பியால் இழுத்தால் ஒரு முழ நீளம்கூட வரும்.

மாட்டும்போது ரப்பர் வாஷர் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். ஸ்பேனர் வேண்டாம், கையிறுக்கம் போதும். அடியில் காய்ந்த காகிதம் விரித்துத் தண்ணீர் திறந்தால் ஒரு சொட்டு ஒழுகினாலும் தெரிந்துவிடும். அடைக்கிறதே என்று ட்ராப்பை எடுத்துவிட்டு நேர்க் குழாய் போடச் சொல்லாதீர்கள். ட்ராப்பில் நிற்கும் சுமார் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது.

ட்ராப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் இறங்கவில்லையா? அடைப்பு சுவருக்குள். அங்கே ஸ்பிரிங் கம்பிதான் விட வேண்டும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், பிவிசி குழாய் இளகிவிடும். ப்ளஞ்சர் போடுவதென்றால் பேசின் விளிம்புக்குக் கீழே, தண்ணீர் நிரம்பி வழியாமல் இருக்க வைத்திருக்கும் சிறு ஓட்டையை ஈரத்துணியால் அடைத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் அழுத்தமெல்லாம் அந்த வழியே போய்விடும்.

அடைப்பு எடுத்த பிறகும் சத்தம் வந்தால், குழாய்க்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். மாடியில் வென்ட் பைப் (கழிவுக் குழாய்க்குக் காற்று விடும் குழாய்) இருந்தால் அதன் வாயில் சருகோ கூடோ இருக்கிறதா பாருங்கள். கழிவறையில் ஃப்ளஷ் செய்யும்போது பேசின் சத்தமிட்டாலோ, குளியலறைத் தரையில் தண்ணீர் மேலேறி வந்தாலோ, அடைப்பு வெளி லைனில். உடனே தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, ஆளை வைத்து வெளியே சேம்பர் (கழிவுக் குழாய்கள் சேரும் தொட்டி) மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.