சுருளும் திரியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஒரு தடவை பாவித்து எறியும் வேப் (மின்சிகரெட்) வகைகளின் விற்பனை இங்கே பிரித்தானியாவில் 2025 ஜூன் 1இல் தடைப்பட்ட பிறகு, நண்பர் ஒருவர் நாமே சுருள் சுற்றிப் போடும் அற்றமைசர் (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் பகுதி) ஒன்றைத் தந்தார். கம்பி வாங்கப் போனால் கந்தால், நைக்ரோம், எஸ்.எஸ். 316எல் (துருப்பிடிக்காத உருக்கு), நிக்கல், டைட்டேனியம் என்று ஐந்து வகை இருக்கிறது. சிகரெட்டை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகிறது. எதை வாங்குவது? – வாசகர், ஹரோ

பதில்: கந்தால் ஏ1, 28 கேஜ். யோசிக்காமல் இதையே வாங்குங்கள் தம்பி.

கந்தால் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றும் கலந்த சுவீடன் நாட்டுக் கலப்புலோகம். உலைகளுக்கும் ஹீற்றர்களுக்கும் என்று உருவானது. சூடேறும்போது அதன் மேல் அலுமினிய ஒக்சைட்டுப் படலம் ஒன்று படிந்து, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். அதனால்தான் திரவத்தை உறிஞ்சும் பஞ்சைச் சுருளுக்குள் போடுவதற்கு முன் அதைச் சிவக்கச் சுட்டுச் சரிபார்க்க முடிகிறது. 1,400 பாகை செல்சியஸ் வரை தாங்கக்கூடிய கம்பி. நீங்கள் அதன் பக்கத்திலும் போகப்போவதில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 28 கேஜ் கம்பியின் தடிப்பு 0.32 மி.மீ.; கந்தாலில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 18 ஓம். 2.5 மி.மீ. கம்பியை அச்சாக வைத்து ஆறு சுற்றுச் சுற்றினால், இரு முனைக் கால்களையும் சேர்த்து ஆறு சென்ரிமீட்டர் அளவு கம்பி போகும். கிடைப்பது 1.1 ஓம். முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரியின் 4.2 வோல்ட்டில் அது 4 அம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும், 16 வாட். சிகரெட்டைப் போல வாயில் இழுத்துப் பிறகு உள்ளே எடுப்பவருக்கு 12, 13 வாட்டே தாராளம். அதே ஆறு சுற்றை நைக்ரோம் 80இல் சுற்றினால் 0.8 ஓம், எஸ்.எஸ். 316எல்லில் 0.55 ஓம் அளவில் வரும். நண்பர் சொன்ன சுற்று எண்ணிக்கையை அவர் எந்தக் கம்பிக்குச் சொன்னார் என்று கேட்காமல் பின்பற்ற வேண்டாம் என்பது இதனால்தான். சுற்றியதும் ஓம் மீட்டரில் பாருங்கள்.

நைக்ரோம் கொஞ்சம் விரைவாகச் சூடேறும், வளைக்கவும் இலகு. ஆனால் அதில் 80 வீதம் நிக்கல். மலிவான தோடோ மணிக்கூட்டுப் பட்டியோ போட்டால் தோல் கடிக்கிறவர்கள் அதைத் தொடவேண்டாம். 316எல்லிலும் நிக்கல் உண்டு. கந்தாலில் இல்லை.

தூய நிக்கலும் டைட்டேனியமும் வெப்பக் கட்டுப்பாட்டுக்கானவை. சூடு ஏற ஏற அவற்றின் மின்தடையும் ஏறும். கருவி அதை அளந்து, குறித்த வெப்பத்தில் மின்சாரத்தைக் குறைத்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த இரண்டையும் சிவக்கச் சுடக் கூடாது. டைட்டேனியத்தை அப்படிச் சுட்டால் வெள்ளைத் தூளாக ஒக்சைட்டு உதிரும், அதை நுரையீரலுக்குள் அனுப்ப நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வெப்பக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் 316எல் இருக்கிறது, சாதாரண வாட் முறையிலும் அது வேலை செய்யும்.

கேள்வி: என் கணவருக்கு நான்தான் பஞ்சு மாற்றிக் கொடுக்கிறேன். சாமிக்கு ஏற்றும் விளக்குத் திரிக் கட்டு வீட்டில் நிறைய இருக்கிறது. அதுவும் பஞ்சுதானே, பாவிக்கலாமா? – வாசகி, ஈஸ்ட்ஹாம்

பதில்: வேண்டாம் தங்கச்சி. விளக்கில் எரிவதற்கென்று செய்த திரி அது. மூச்சில் போகும் என்று நினைத்து யாரும் அதைச் சோதிப்பதில்லை. சிலதில் செயற்கை நூல் கலந்திருக்கும், சிலதில் சாயம், சிலதில் மெழுகோ நெய்யோ ஊறியிருக்கும். சந்தேகமென்றால் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். தூய பஞ்சு, கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிக் கடின மணியாகத் திரளும். மருந்துக்கடையில் வாங்கும் பஞ்சுருண்டைக்கும் இதே சோதனை பொருந்தும்.

வாங்க வேண்டியது வெளுக்காத, 100 வீதம் பஞ்சு என்று போட்ட பட்டை. ஜப்பானியப் பஞ்சுப் பட்டை என்று கேட்டாலும் தருவார்கள். புதிதாக எடுக்கும் பஞ்சில் இயற்கை மெழுகு இருந்தால் திரவத்தை உறிஞ்சாது, அப்படியானதைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவிட்டுப் பாவிக்கலாம்.

இனி முக்கியமான விடயம். கம்பியைப் பற்றி ஆட்கள் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். ஆனால் கருவி நன்றாக இருப்பதும் நாசமாவதும் பஞ்சின் இறுக்கத்தில்தான். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கும் அதே நுண்துளை ஈர்ப்புத்தான் இங்கேயும். பஞ்சை அடைத்துவிட்டால் திரவம் ஏற வழியில்லை. தளர்த்தியாக விட்டால் சுருளின் சில இடம் பஞ்சைத் தொடாமல் காய்ந்து தனியே கொதிக்கும், அடியில் ஒழுகவும் செய்யும். பஞ்சைச் சுருளுக்குள்ளால் இழுக்கும்போது மெல்லிய உராய்வு தெரியவேண்டும், ஆனால் சுருள் வளையவோ இடம் மாறவோ கூடாது. ஈரமானதும் பஞ்சு ஊதும், அதற்கு இடம் வையுங்கள். பஞ்சின் இரண்டு வால்களையும் சுருள் இருக்கும் தட்டின் அடியைத் தொடும் அளவுக்கு வெட்டி, நுனியைக் கொஞ்சம் மெல்லியதாக்கி விடுங்கள். மடித்துத் திணித்தால் திரவம் வரும் துளைகளே அடைபட்டுவிடும்.

ரேயோன் போடுகிறவர்களும் உண்டு. அது பஞ்சைப்போல ஊதாது, ஆகவே சற்று இறுக்கியே போடவேண்டும். உறிஞ்சும் வேகம் அதிகம், எனக்கும் பிடித்ததுதான். சிலிக்கா நூல் 1,000 பாகைக்கு மேலும் தாங்கும், கருகாது என்று விற்பார்கள். தாங்கும், உண்மை. ஆனால் திரும்பத் திரும்பச் சுட்டுக் கையாண்டால் நொறுங்கி இழை இழையாக உதிரும். அதைவிடச் சில நாளைக்கொருமுறை சுத்தமான பஞ்சை மாற்றுவது எவ்வளவோ மேல். கண்ணாடி இழைக் கயிறு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். இனிப்பூட்டிய திரவமென்றால் சுருளில் கருந்தார்போல் படியும், அப்போது பஞ்சை இன்னும் அடிக்கடி மாற்றுங்கள்.

கேள்வி: பழுதான ரோஸ்ரரில் இருந்து எடுத்த நைக்ரோம் கம்பி இருக்கிறது. அதையே சுற்றலாமா? – வாசகர், டூட்டிங்

பதில்: கூடாது. நானும் யாழ்ப்பாணத்தில் ஹொட்பிளேட் திருத்திக் கொடுத்து வளர்ந்தவன், கம்பியை வீணாக்க மனம் வராது. ஆனால் அது எந்தக் கலப்பு, மேலே என்ன பூச்சு, எத்தனை வருட உணவுக் கசடு என்று உங்களால் சொல்ல முடியாது. தெரிந்த கலப்பில் புதுக் கம்பிச் சுருள் சில பவுணுக்குக் கிடைக்கிறது. நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பி, ஈயப் பற்று வைத்த முனை, இவையும் உள்ளே வரக்கூடாது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், போத்தலில் இருந்த திரவத்தைவிடச் சுருளைத் தொட்டு வந்த ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் போன்றவை கூடுதலாக இருந்தன. நல்ல கம்பியையே அளவான வாட்டில், பழசாகும் முன் மாற்றிப் பாவிக்கச் சொல்வது அதனால்.

கேள்வி: இடைக்கிடை தொண்டையை அறுப்பதுபோலக் கருகல் வருகிறது. கம்பியை மாற்றவா? – வாசகர், குரொய்டன்

பதில்: பெரும்பாலும் பஞ்சு காய்ந்திருக்கும். உடனே நிறுத்துங்கள், "இன்னும் ஒரு இழுப்பு" வேண்டாம். திரவம் இல்லாத பஞ்சும் எல்லை மீறிச் சூடான, திரவத்தில் உள்ள கிளிசரினும் போர்மல்டிஹைட் போன்ற நச்சுகளைத் தரும். மிகக் கூடுதல் வோல்ட்டில் அது அதிகமாக உண்டாவதாக 2015இல் ஓர் ஆய்வுக் கடிதம் வந்தபோது, அந்தச் சூட்டில் எந்த மனிதரும் அந்தக் கருகலைத் தாங்கி இழுக்கமாட்டார் என்று எதிர்வாதமும் வந்தது. உங்கள் தொண்டை சொல்வதைக் கேளுங்கள்.

பஞ்சைக் கழற்றிவிட்டு, குறைந்த வாட்டில் கந்தால் சுருளை விட்டுவிட்டுச் சிவக்கவையுங்கள். நடுவிலிருந்து வெளியே சமமாகச் சிவந்தால் சுருள் சரி. ஒரு கால் முதலில் சிவந்தால் திருகாணி தளர்ந்திருக்கிறது. திரவத்தில் கிளிசரின் விகிதம் 70 வீதமென்றால் சிறிய துளைக்கு அது தடிப்பு, கிளிசரின் பாதியாக உள்ள 50/50 வாங்குங்கள்.

கேள்வி: பழைய மடிக்கணினியில் எடுத்த 18650 என்ற உருளை லித்தியம் பற்றரியைப் போடலாமா? – வாசகர், வெம்பிளி

பதில்: வேண்டாம். மடிக்கணினிப் பற்றரிகள் மெதுவாகக் கொடுக்கவென்று செய்தவை. 0.2 ஓம் சுருள் ஒன்று 21 அம்பியர் கேட்கும். அந்தப் பற்றரி சூடாகி வெடிக்கலாம். உறை கிழிந்த பற்றரியையும் பாவிக்காதீர்கள், சாவிக்கொத்தோடு காற்சட்டைப் பையில் போடவும் வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூர் வழியாகச் சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போகிறோம். கருவியைக் கொண்டுபோகலாமா? – வாசகர், ஹவுன்ஸ்லோ

பதில்: வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூரில் 2018 முதல் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதி, விற்பனை, சேமிப்பு எல்லாவற்றையும் தடைசெய்கிறது. புறப்பட முன்பே மருந்தாளரிடம் பேசி நிக்கோட்டின் பட்டையோ சுவிங்கமோ வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் யாராவது சிகரெட் நீட்டுவார்கள், அந்த நேரத்துக்குப் பையில் அது இருக்கவேண்டும்.