க்ரூஸர் கேள்விகள்: பழைய பாணியா, புதிய வேகமா?

கேள்வி: ஏர்கூல்டு 350 சிசி பைக்கிலிருந்து 120 குதிரைத்திறன் க்ரூஸருக்கு (தாழ்ந்த சீட்டில் கால் நீட்டி ஓட்டும் பைக்) மாற நினைக்கிறேன். "அதையெல்லாம் முறுக்கிக்கிட்டே இருக்கணும், கியர் மாத்தியே கால் ஓஞ்சுபோகும்" என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. குதிரைத்திறனை விட்டுவிட்டு, டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை) எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) உச்சத்துக்கு வருகிறது என்று பாருங்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ல் 27 நியூட்டன் மீட்டர், 4,000 ஆர்பிஎம்மில். ஹார்லியின் ஸ்போர்ட்ஸ்டர் எஸ்-ல் 125, ஆனால் 6,000-ல். அதே ஹார்லி 2001-ல் கொண்டுவந்த வி-ராட் உச்ச டார்க்குக்கு 7,000 வரை ஏற வேண்டும். பெரிய வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர் உள்ள இன்ஜின்) ஓட்டிப் பழகியவர்கள் அதில் ஏறியதும் "இழுவையே இல்லையே" என்றதற்கு அதுதான் காரணம். அதே சமயம் 2019-ல் வந்த 2,458 சிசி ட்ரையம்ஃப் ராக்கெட் 3, 221 நியூட்டன் மீட்டரை 4,000-லேயே கொட்டிவிடும். ஆகவே எல்லாப் புது க்ரூஸரையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. டெஸ்ட் ரைடில் நான்காவது கியர், 2,500 ஆர்பிஎம், த்ராட்டிலைப் பாதி திறந்து பாருங்கள். குலுங்காமல் இழுத்தால் உங்கள் பழக்கத்துக்கு ஒத்துவரும். உதறினால் நண்பர்கள் சொன்ன ரகம்தான்.

கேள்வி: புது க்ரூஸர் வாங்கியதிலிருந்து முதுகுவலி. ஷாக் அப்சார்பரை எவ்வளவு தளர்த்தினாலும் பள்ளத்தில் தூக்கிப் போடுகிறது. பழைய பைக்கில் இந்தத் தொல்லையே இல்லை.

பதில்: தளர்த்தியதுதான் தொல்லையைக் கூட்டியிருக்கும். வேகமான க்ரூஸர்களைப் பற்றி ஓட்டுகிறவர்கள் சொல்லும் குறைகளில் முதலிடம் இதற்குத்தான். சீட்டைத் தாழ்வாக வைப்பதற்காகப் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரத்தைச் சுருக்கிவிடுகிறார்கள். 2021-ல் வந்த ஸ்போர்ட்ஸ்டர் எஸ்-ல் அது சுமார் 50 மி.மீ. மட்டுமே இருந்தது. போதாததற்குக் கால்கள் முன்னால் நீண்டிருப்பதால், பள்ளத்தைக் கண்டதும் ஃபுட்பெக்கில் ஊன்றி இடுப்பைத் தூக்கவும் வழியில்லை. அடி முழுவதும் முதுகெலும்புக்கு.

நீங்கள் தளர்த்தியது ப்ரீலோடை, அதாவது ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவை. அதைக் குறைத்தால் ஸ்பிரிங் மென்மையாகிவிடாது. அதன் கடினம் மாறவே மாறாது. உங்கள் எடைக்கே பைக் இன்னும் கீழே அமர்ந்துவிடும், மிச்சமிருக்கும் கொஞ்ச தூரமும் போய், அடுத்த பள்ளத்தில் ஷாக் அடிமட்டத்தில் 'டொக்' என்று முட்டும். அளந்து சரிசெய்யுங்கள். முதலில் பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, ஆக்ஸிலிலிருந்து (சக்கர அச்சு) அதற்கு நேர் மேலே ஃபெண்டரில் (மட்கார்டு) ஒட்டிய டேப் வரை அளவெடுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை அதே அளவை எடுக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, 50 மி.மீ. என்றால் 15 மி.மீ. அளவுக்கு. அதிகமாக இருந்தால் ப்ரீலோடைக் கூட்டுங்கள். இப்போது இறங்கி, பைக் தன் எடையில் மட்டும் எவ்வளவு அமர்கிறது என்று பாருங்கள். கொஞ்சம்கூட அமரவில்லை என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிது. ப்ரீலோடால் இனி பயனில்லை, ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். பின்சீட்டில் ஆள் ஏறும் நாளில் மறுபடி அளக்கத்தான் வேண்டும். டயர் காற்றைக் குறைத்து மென்மை தேட வேண்டாம். ரிம் நெளிந்துவிடும்.

கேள்வி: பின்னால் 240 அகல டயர். வளைவில் வண்டி சாய மறுத்து நிமிரப் பார்க்கிறது. ஏதாவது பழுதா?

பதில்: பழுதில்லை, அகலத்தின் குணம். சாயும்போது டயர் தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து சாய்ந்த பக்கம் நகர்கிறது. டயர் அகலமாக அகலமாக அது அதிகம் நகரும். அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க, ஒல்லி டயர் பைக்கைவிட அதிகமாகச் சாய்க்க வேண்டியிருக்கும். தாழ்ந்த ஃபுட்பெக் முதலில் தரையில் உரசுவதும் அதனால்தான். பழைய பாணி பைக் வளைவில் இலகுவாக இருப்பதற்கு ஒல்லி டயரும் ஒரு காரணம். நேர்ச்சாலையிலேயே ஓடி டயரின் நடு தேய்ந்து தட்டையாகிவிட்டால் இந்தக் குணம் இரட்டிப்பாகும். பட்டன் ஆழம் மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: புது வி-ட்வினில் அந்தப் பழைய 'தடக்-தடக்' ஏன் இல்லை? சைலன்சரை மாற்றினால் வருமா?

பதில்: வராது. பழைய ஹார்லியில் சிலிண்டர்களுக்கு நடுவே 45 டிகிரி, இரண்டு பிஸ்டனுக்கும் ஒரே கிராங்க்பின் (பிஸ்டனின் தண்டு கிராங்க்கோடு சேரும் இடம்). அதனால் வெடிப்புகள் 315 டிகிரி, 405 டிகிரி என்று மாறிமாறி வரும். அந்தத் தள்ளாட்டம்தான் காதில் விழுகிறது. ஸ்போர்ட்ஸ்டர் எஸ்-ல் 60 டிகிரி, கிராங்க்பின்களும் 30 டிகிரி விலகியவை. தாளம் கிராங்க்கில் இருக்கிறது. சைலன்சர் சத்தத்தைத்தான் கூட்டும்.

கேள்வி: லிக்விட்கூல்டு என்றால் பராமரிப்பு தலைவலி என்கிறார்களே?

பதில்: மாடலைப் பொறுத்தது. ஸ்போர்ட்ஸ்டர் எஸ்-ல் வால்வு இடைவெளியை ஹைட்ராலிக் முறை தானே சரிசெய்துகொள்ளும், டேப்பெட் வேலையே இல்லை. 2011 டுகாட்டி டயாவெல்லுக்கு 24,000 கி.மீ.க்கு ஒருமுறை வால்வு பார்க்க வேண்டும். டயாவெல் வி4-க்கு 60,000. பழைய பாணி பைக்கில் அடிக்கடி பார்க்க வேண்டும்தான், ஆனால் திருகும் லாக்நட்டும் உள்ள ரகம் என்றால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு வீட்டிலேயே முடித்துவிடலாம். சூட்டோடு அளந்தால் கணக்கு தப்பும். கூலன்ட் விஷயத்தில் ஒன்று மட்டும்: குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு ரேடியேட்டரில் படிந்து அடைத்துவிடும். மாற்றிய பிறகு நெரிசலில் சூடு ஏறினால், உள்ளே காற்று சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பதாக இருந்தால் இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான்.