விழுந்த பல்லைத் துணியில் சுற்றாதீர்கள், பாலில் போடுங்கள்

கேள்வி: விளையாடும்போது அடிபட்டு, 9 வயது மகனுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். ‘ஈரத்தில் அல்லவா வைத்திருக்க வேண்டும்’ என்றார் மருத்துவர். எதில் வைப்பது? தண்ணீரில் போட்டிருந்தால் போதுமா? எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: காப்பாற்ற வேண்டியது பல்லை விட, அதன் வேரில் ஒட்டிக்கொண்டு வரும் மெல்லிய சவ்வைத்தான். பல்லைத் தாடை எலும்போடு பிணைத்திருந்த நார்கள் நடுவில் அறுந்து, பாதி வேரிலும் பாதி பல் இருந்த குழியிலும் நிற்கின்றன. வேரில் நிற்கும் பாதியில் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை உயிரோடு இருந்தால் இரு பாதிகளும் மறுபடி கூடிவிடும். செத்துப்போனால் பல் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு சில ஆண்டுகளில் எலும்பு வேரைச் சிறிது சிறிதாகத் தின்று அந்த இடத்தைப் பிடித்துவிடும்.

இந்த அணுக்களுக்கு முதல் எதிரி காய்வது. வெறுங்காற்றில் 30 நிமிடம் கிடந்தாலே பெரும்பாலானவை போய்விடுகின்றன. 60 நிமிடம் ஆகிவிட்டால் அநேகமாக எதுவும் மிஞ்சாது. பஞ்சும் டிஷ்யூ தாளும் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடுவதால் சும்மா விடுவதை விட மோசம்.

தண்ணீர் ஈரம்தானே என்று தோன்றும். ஆனால் அணுவுக்குள் உப்பு இருக்கிறது, வெளியே உள்ள நல்ல தண்ணீரில் அது மிகக் குறைவு. தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே போக, அணு உப்பி வெடித்துவிடும். வேறு எதுவுமே கிடைக்காதபோது, காயவிடுவதற்குப் பதில் தண்ணீர். அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

பால் நல்லது என்பதற்குக் காரணமும் இதுதான். அதன் உப்புச் செறிவு உடல் திரவத்தின் செறிவை ஒட்டியிருக்கிறது, புளிப்பும் காரத்தன்மையும் அதிகமில்லை. குளிர்ந்த, சர்க்கரை சேர்க்காத பால் வேண்டும். கொழுப்பு நீக்கியது இருந்தால் இன்னும் நல்லது. காய்ச்சிய பால் என்றால் முழுக்க ஆறியிருக்க வேண்டும். தயிர், மோர் ஆகாது. அந்தப் புளிப்பு அணுக்களைக் கொல்லும். பல் விழுந்து 15, 20 நிமிடத்துக்குள் பாலில் போட்டுவிட்டால் சில மணி நேரம் கையில் கிடைக்கிறது. ஆனால் பால் செத்த அணுவை எழுப்பாது. அரை மணி நேரம் தேடிக் கடையிலிருந்து பால் வாங்கி வந்து போடுவதில் பயனில்லை.

அணுக்களுக்கென்றே தயாரித்த ஹாங்க்ஸ் கரைசல் பாலை விடச் சிறந்தது. சில பள்ளிகளிலும் விளையாட்டு அரங்குகளிலும் பல் காக்கும் பெட்டியாக வைத்திருப்பார்கள். பாலும் அதுவும் இல்லையென்றால் வாய்நீர்கொண்டு ஒப்பேற்றலாம். அடிபட்டவரே ஒரு சின்ன டம்ளரில் பல் மூழ்குமளவு துப்பி அதில் பல்லைப் போட வேண்டும். சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருந்தால், வாய்நீரில் நனைத்த பல்லை அதில் காற்றுப் புகாமல் சுற்றலாம். கன்னத்துக்குள் பல்லை ஒதுக்கி வைக்கச் சொல்வதுண்டு. குழந்தைகளுக்கு அது வேண்டாம், விழுங்கிவிடுவார்கள். மருந்தகத்தில் கிடைக்கும் சலைன் கொஞ்ச நேரத்துக்கு ஒத்துவரும். பல்லை நேராக ஐஸில் போடாதீர்கள். உறைந்தால் எல்லாம் முடிந்தது. பால் இருக்கும் மூடிய டப்பாவைச் சுற்றி ஐஸ் வைப்பது சரி.

இவை எல்லாவற்றையும் விடச் சிறந்த இடம் ஒன்று உண்டு: பல் விழுந்த அந்தக் குழி. நிலைத்த பல்லாக (பால்பல் விழுந்த பிறகு முளைத்ததாக) இருந்து, அடிபட்டவர் முழு நினைவோடு இருந்தால், அங்கேயே திருப்பி வைக்க முயலுங்கள். பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரில் விரல் படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ ஒருமுறை அலசுங்கள். தேய்ப்பது, சோப்பு, டெட்டால் எதுவும் கூடாது. பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்புறம் எதுவென்று உறுதிசெய்துகொண்டு, மெல்ல அழுத்தி உள்ளே விடுங்கள். பிறகு சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லி மருத்துவரிடம் போங்கள். தடுக்கிறது என்றால் திணிக்காதீர்கள், பாலில் போட்டு எடுத்துப் போங்கள்.

பால்பல்லைத் திருப்பி வைக்கவே கூடாது. அடியில் வளரும் நிலைத்த பல்லின் மொட்டு காயப்படும். 9 வயதில் மேல் முன்பல் நிலைத்த பல்லாகத்தான் இருக்கும். வேர்முனை இன்னும் முழுக்க மூடியிராது என்பதால், சீக்கிரம் வைத்தால் ரத்த ஓட்டம் திரும்பவும் வாய்ப்புண்டு. அதனால் வேர்சிகிச்சையை (ரூட் கெனால்) உடனே தொடங்காமல் மருத்துவர் கவனித்துப் பார்ப்பார். வேர்முனை மூடிய பெரியவர்களின் பல்லுக்கு 2 வாரத்துக்குள் வேர்சிகிச்சை தேவைப்படும். பல்லைப் பக்கத்துப் பற்களோடு வளையக்கூடிய மெல்லிய கம்பியால் வழக்கமாக 2 வாரம் கட்டுவார்கள். அதுவரை மென்மையான உணவுதான். மண்ணில் விழுந்த பல் என்றால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகனின் பல் பஞ்சில் எத்தனை நிமிடம் இருந்தது, வெளியே மொத்தம் எவ்வளவு நேரம் இருந்தது என்று இப்போதே எழுதி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் காய்ந்த பல்லையும் வைப்பதுண்டு. அந்த இடத்தின் எலும்பு கரையாமல் இருக்க உதவும். வளரும் பிள்ளைக்கு அப்படி ஒட்டிய பல் தாடையோடு சேர்ந்து கீழிறங்காமல், பக்கத்துப் பற்களை விடக் குட்டையாகத் தெரியலாம். மருத்துவர் சொல்லும் நாட்களில் எக்ஸ்ரே எடுக்கத் தவறாதீர்கள். வேர் கரைவது தொடங்கினால் வலி வராமலேயே அதில்தான் முதலில் தெரியும்.