தங்கள் சபை உண்மை என்று மார்மன்கள் எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

நான் மார்மன் சபைக்கு (அமெரிக்காவில் தொடங்கிய, இயேசுவை வழிபடும் ஒரு சபை) போகிறவன் என்று தெரிந்ததும் கோயம்புத்தூரில் பலரும் கேட்பது இதுதான்: “உங்க சபைதான் உண்மைன்னு எப்படிங்க சொல்றீங்க?”

இதை நாங்கள் ‘சாட்சி’ என்கிறோம். ஜெபித்து, மனதுக்குள் கிடைத்த பதிலை மற்றவர் முன்னால் சொல்வதுதான் சாட்சி. மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில் விருப்பமுள்ள யாரும் எழுந்து சொல்லலாம்.

ஏன் இப்படி? எங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1830இல் அமெரிக்காவில் வெளியிட்ட, நாங்கள் வேதமாகக் கருதும் மார்மன் புத்தகத்தின் கடைசி அதிகாரம், இது உண்மையா என்று கடவுளிடமே உண்மையான மனதோடு கேள், பரிசுத்த ஆவியால் தெரியப்படுத்துவார் என்கிறது. அப்பா அம்மா சொன்னார்கள் என்பதற்காக நம்பினால் போதாது. ஒவ்வொருவரும் தானே கேட்க வேண்டும். எனக்கு இந்த நம்பிக்கையில் மிகவும் பிடித்தது இதுதான்.

சிறுவாணித் தண்ணீரின் ருசியை வெளியூர்க்காரருக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது; ஒரு டம்ளர் குடித்தால் புரிந்துவிடும். என் சாட்சியும் அப்படித்தான். அதை உங்கள் முன் ஆதாரமாக வைக்க முடியாது, நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று அழைக்கத்தான் முடியும்.

அப்புறம், நாங்கள் பைபிளை ஒதுக்கிவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லைங்க, பைபிள், மார்மன் புத்தகம் இரண்டையும் வேதமாகவே படிக்கிறோம், இயேசுவின் பெயரில்தான் ஜெபிக்கிறோம்.